உக்கிரபாண்டியிடம் சொல்லிவிடவும்

விருதுநகர்
23 ஜூன் 2025

அன்புள்ள சம்பந்தி மாரிக்கண்ணன் அவர்களுக்கு,

பாலகுரு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி சண்முகத்தாய், மகன் விக்னேஷ்வரன் எல்லோரும் நலம். உங்கள் மகள் பாண்டிச்செல்விக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் வாந்தி நின்றுவிட்டது. மூன்று வேளையும் புளிச்சோறு கேட்கிறாள். பேரன் உங்களைப் போல வாயாடியாகத்தான் வருவான் என்று சண்முகத்தாய் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன் இருக்கும்போது இந்த மனுஷருக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும், அது சண்முகத்தாயின் சட்டம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். இது நாலு பேர் கேட்கிற விஷயம் இல்லை. அதனால்தான் நீங்கள் போர்மேனாக இருக்கிற பட்டாசுக் கம்பெனி விலாசத்துக்கே எழுதுகிறேன்.

பருப்பு மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பிறகு, கண் ஆஸ்பத்திரிக்காரர்களோடு நான் ஊர் ஊராகச் சுற்றுவது உங்களுக்குத் தெரியும். சர்க்கரை உள்ளவர்களை உட்கார வைத்து, கண்ணை எப்படிக் காப்பாற்றுவது என்று மைக்கில் சொல்வது என் பங்கு. இந்த மாதம் எம். புதுப்பட்டியில் முகாம் நடந்தது. கண்ணுக்குள் படம் எடுக்கிற மிஷின் வந்திருந்தது. அங்கே படம் எடுத்துக்கொண்ட ஒருவர் தன் பெயர் உக்கிரபாண்டி என்று சொல்லியிருக்கிறார். தலையோடு துண்டைப் போட்டிருந்தார், அதனால் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. போன் கிடையாது, ஊர் தாயில்பட்டிப் பக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

இப்போது டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆளை உடனே கூட்டி வரச் சொல்கிறார். சர்க்கரையால் வலது கண்ணுக்குள் ரத்தக்குழாய் கசிய ஆரம்பித்துவிட்டது. இடது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. இப்போதே லேசர் வைத்தால் இரண்டையும் நிறுத்தி வைக்கலாம், விட்டால் பார்வை போய்விடும் என்கிறார்.

தாயில்பட்டியில் உங்களுக்குத் தெரியாத ஆள் கிடையாது. அந்த உக்கிரபாண்டியைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லிவிடவும். அவர் யார், எந்த வீடு என்று எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இதை மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாலகுரு

•

தாயில்பட்டி
2 ஜூலை 2025

சம்பந்தி பாலகுரு அவர்களுக்கு மாரிக்கண்ணன் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. கம்பெனிக்குக் கடிதம் வந்தால் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். மானேஜர், “என்னய்யா, இந்த வயசுல யாரு ஒமக்குக் கடுதாசி போடுறது?” என்று கேட்டுவிட்டார். சம்பந்தி என்றேன். நம்பவில்லை.

தாயில்பட்டியில் உக்கிரபாண்டி என்று யாரும் கிடையாது. ஒருவர் இருந்தார், செத்துப்போய் பல வருஷம் ஆகிறது. சாகிற வரைக்கும் அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். கண்ணுக்கு முன்னால் கறுப்பாகப் பூச்சி பறப்பதும் நூல் தொங்குவதும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ளதுதான். அலுமினியப் பொடி பறக்கிற இடத்தில் வேலை செய்தால் கண்ணில் விழாமல் வேறு எங்கே விழும்? தண்ணீரை வாரி அடித்தால் போய்விடும். எங்கள் கம்பெனியில் ராக்காயி என்று ஒரு அம்மாள், விளக்கெண்ணெய் விட்டுச் சரியாக்கிக்கொண்டாள். இதற்கெல்லாம் லேசர் வைக்கிறேன் என்றால், உள்ள கண்ணும் போய்விடும் என்று பயப்படத்தான் செய்வார்கள்.

மேலும் இது சீசன். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது. உக்கிரபாண்டியாக இருந்தாலும் சரி, ஊர் நாட்டாமையாக இருந்தாலும் சரி, இப்போது வேலையை விட்டு எவனும் வரமாட்டான்.

செல்வியைக் கேட்டதாகச் சொல்லவும். புளி அதிகம் வேண்டாம்.

மாரிக்கண்ணன்

•

விருதுநகர்
11 ஜூலை 2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பூச்சி பறப்பதைப் பற்றி நான் எழுதவில்லை. நீங்களாகவே எழுதியிருந்தீர்கள். அது நல்லதுதான். அந்த ஆளுக்கும் அப்படி இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

பொடி விழுந்தால் கண் உறுத்தும், சிவக்கும், தண்ணீர் வடியும். இதில் அப்படி எதுவும் இருக்காது. வலியே இருக்காது, அதுதான் வினை. கண்ணுக்குள்ளேயே ரத்தம் கசிந்து மிதப்பதுதான் அந்தப் பூச்சியும் நூலும். வெளியே கழுவி என்ன பயன்? சில சமயம் அது தானாகக் கீழே இறங்கிவிடும். ஆள் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். விளக்கெண்ணெய்க்குப் பெயர் வந்துவிடும். அப்புறம் ஒருநாள் திரை விழுந்த மாதிரி மொத்தமாக மறைக்கும். கண்ணாடியை மாற்றினாலும் சரிவராது. சர்க்கரை என்று தெரிந்தவர்கள், பார்வை பளிச்சென்று இருந்தாலும், வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைப் படம் எடுத்தே ஆக வேண்டும். ஊர் ஊராக மைக்கில் இதைத்தான் தொண்டை வறளக் கத்துகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பழமொழி வேறு சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இவ்வளவும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். கடவுள் புண்ணியத்தில் நம் இரண்டு வீட்டிலும் யாருக்கும் இந்தத் தொந்தரவு கிடையாது.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. அந்த ஆள் ஒருவேளை வெடிமருந்து அறைப் பக்கம் வேலை செய்கிறவராக இருந்தால், அவர் கண்ணோடு முடிகிற காரியமா இது? உள்ளே இருக்கிற பெண்களின் உயிரும் அந்தக் கண்ணை நம்பித்தான் இருக்கிறது. அவருக்கு என்ன பயம் என்று கேட்டு எழுதுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
பாலகுரு

•

தாயில்பட்டி
26 ஜூலை 2025

சம்பந்தி அவர்களுக்கு,

அந்த ஆளைப் பார்த்தேன். வேறு ஊர்க்காரன். எந்த ஊர் என்று சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கடைசியில் எழுதியிருந்தீர்களே, அது அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. சில நாளுக்கு முன்பு ஒரு அறையில் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் மருந்து இருந்திருக்கிறது. இவன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறான். உள்ளே இருந்த அம்மாள்தான், “அண்ணாச்சி, கண்ணு என்ன பின்னாலயா இருக்கு? இம்புட்டுக் கெடக்கே, தெரியலையா?” என்று கேட்டிருக்கிறாள். அவளே எடுத்துப்போய் வெளியே வைத்திருக்கிறாள். அன்றைக்கு முழுக்க இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பெனியில் சொன்னால் என்ன என்று கேட்டேன். கண் தெரியாதவனை வாட்ச்மேனாகத்தான் போடுவார்கள் என்றான். வாட்ச்மேனுக்கும் கண் வேண்டுமே என்றேன். சிரித்தான். ஆனால் அதுகூட அவனுக்குப் பெரிது இல்லை. அவன் ஒரு மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறான். பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சம்பந்தி அம்மாள், “ஒங்க பக்கம் யாருக்கும் சக்கரை கிக்கரை உண்டா?” என்று கேட்டார்களாம். இவன் இல்லை என்று சொல்லிவிட்டான். அப்போதே மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவன். இப்போது போய் ஆமாம் என்றால், பொய் சொல்லிப் பெண் கொடுத்த வீடு என்று பெயர் வராதா? வயிற்றுப்பிள்ளைக்காரி அந்த வீட்டில் தலைநிமிர்ந்து ஒரு வாய் சோறு தின்ன முடியுமா? இதுதான் அவன் கேட்கிறான்.

உன் சம்பந்தி அப்படிப்பட்ட ஆளா என்று கேட்டேன். “அவுக நல்ல மனுசருதான். அந்தம்மாவுக்குத்தான் வாயி சாஸ்தி” என்றான். இது அவன் சொன்னது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

தீபாவளி முடிந்ததும் போகிறேன் என்கிறான்.

மாரிக்கண்ணன்

•

விருதுநகர்
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. வெளிச்சம் போதாத இடத்தில் உட்கார்ந்து எழுதினீர்கள் போலிருக்கிறது.

தீபாவளி வரைக்கும் தாங்காது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன். “அந்தத் தாயில்பட்டிக்காரர் கிடைத்தாரா ஐயா?” என்று கேட்டார்கள். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

அந்தச் சம்பந்தி அம்மாள் ஏதோ வாய்க்கு வந்ததைக் கேட்டிருப்பாள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஆளுக்கொன்று கேட்பதுதானே? அந்த வீட்டில் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்று நான் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் அவர்கள் யாரோ, நான் யாரோ. அவர்களுக்காகப் பேச எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்த ஆள் ரகசியமாக வந்து லேசர் வைத்துக்கொண்டு போகட்டும். உக்கிரபாண்டி என்ற பெயரிலேயே வரட்டும். நான் அன்றைக்கு அந்தப் பக்கமே தலை காட்ட மாட்டேன்.

நம் செல்விக்கு வளைகாப்பை ஆவணியில், ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று சண்முகத்தாய் சொல்கிறாள். சீசன் என்று சொல்லாமல் குடும்பத்தோடு முதல் நாளே வந்துவிட வேண்டும். வளையலும் பலவகைச் சாதமும் உங்கள் முறை, இனிப்பு எங்கள் முறை. உங்களுக்காக ஜிலேபிக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

அன்புடன்,
பாலகுரு

•

தாயில்பட்டி
3 செப்டம்பர் 2025

பாலகுரு அவர்களுக்கு,

வளைகாப்பில் நடந்ததற்காக உங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.

மணையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பட்டுச்சேலை எனக்குத் தெரிந்தது. வலது பக்கம் இருந்தவள் என் மகள் என்று நினைத்தேன். திருநீற்றைப் பூசி, கன்னத்தைத் தடவி, “மகராசியா இரு தாயி” என்றேன். அது துணைக்கு உட்கார்ந்திருந்த உங்கள் பக்கத்து வீட்டு மருமகள். அவள் முகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கூட்டம் சிரித்தது. “சம்பந்தி விடியக்காலையிலயே ஏத்திட்டு வந்துட்டாரு போலயே” என்று எவனோ சொன்னான். உங்கள் வீட்டம்மா எல்லோர் முன்னாலும், “குடிச்சிருக்கீகளா?” என்று கேட்டார்கள்.

“ஆமா, லேசா” என்று சொன்னேன்.

ஐம்பத்தேழு வயது வரைக்கும் ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. ஆனால் அந்த நேரத்தில் குடிகாரன் என்ற பெயர்தான் எனக்கு மரியாதையாகத் தெரிந்தது. குடித்தவன் மறுநாள் தெளிந்துவிடுவான், ஊரும் மறந்துவிடும். சர்க்கரைக்காரன், கண் தெரியாதவன், பொய்யன் என்றால் என் மகள் அந்த வீட்டில் அதைக் காலமெல்லாம் கேட்க வேண்டும். அப்படி நினைத்துத்தான் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு அழுததை என்னால் பார்க்க முடியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

நீங்கள் சந்தனக் கிண்ணத்தோடு கைக்கெட்டும் தூரத்தில் நின்றீர்கள். உங்களுக்குத் தெரியும். எம். புதுப்பட்டியிலேயே தெரியும். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

உக்கிரபாண்டி செத்துவிட்டான். இனிமேல் அவனைப் பற்றி எழுத வேண்டாம்.

மாரிக்கண்ணன்

•

விருதுநகர்
9 செப்டம்பர் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

போன் செய்தேன், எடுக்கவில்லை. நியாயம்தான்.

எனக்குத் தெரியும். முகத்தை நீங்கள் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாலும், உக்கிரபாண்டி என்று சொன்ன குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் சங்கடப்படக் கூடாது என்று மைக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த கோடிக்குப் போனேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்போதே தோளில் கையைப் போட்டு, “வாங்க சம்பந்தி” என்று கூப்பிட்டிருந்தால் இவ்வளவு கடிதமும் தேவைப்பட்டிருக்காது.

வளைகாப்பில் “அவருக்குக் கண் தெரியவில்லை” என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்து நின்றது. அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், ஒன்றைத் தொட்டு ஒன்று வெளியே வரும், இந்தக் கணக்கெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் ஓடியது. நீங்கள் குடித்ததாக ஒப்புக்கொண்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதக் கை கூசுகிறது. நேற்று அச்சங்குளத்தில் கூட்டம். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லி நர்ஸைப் பேச விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் “மறைக்காதீங்க, வெக்கப்படாதீங்க” என்று சொல்லும்போதெல்லாம் என்னைத்தான் சொல்கிறாள் என்று இருந்தது.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போய்விடுங்கள். வலது கண் முழுக்க மறைத்துவிட்டது என்றால் இடது கண்ணையாவது காப்பாற்ற வேண்டும். நானே வந்து கூட்டிப்போகலாம் என்றுதான் இருக்கிறேன். வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாலகுரு

•

தாயில்பட்டி
22 செப்டம்பர் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

நான் சொல்லச் சொல்லச் செல்வி எழுதுகிறாள். எனக்கு எழுத வரவில்லை.

நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். அதனால் காத்திருக்கவில்லை. பிரசவத்துக்கு இங்கே வந்த செல்வி என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, “இனிமே குடிக்க மாட்டேன்னு இதுமேல சத்தியம் பண்ணுப்பா” என்றாள். பொய்க்கு மேல் பொய்யாக அந்தச் சத்தியத்தையும் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “கெளம்பு” என்றாள். ஏழு மாத வயிற்றோடு பஸ்ஸில் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அவள்தான். அந்த வெட்கமும் என்னோடு சேரட்டும்.

பெயர் கேட்டார்கள். மாரிக்கண்ணன் என்றேன். ஜூனில் உக்கிரபாண்டி என்று வந்தவனும் நான்தான் என்றேன். டாக்டரம்மா பழைய படத்தை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். வலது கண்ணுக்குள் சவ்வு இழுத்துக்கொண்டுவிட்டதாம். ஆபரேஷன் செய்தாலும் வெளிச்சம்தான் தெரியும், ஆள் தெரியாது என்றார்கள். “அன்னைக்கே வந்திருந்தா ரெண்டு கண்ணையும் காப்பாத்தியிருக்கலாமே, ஏன் வரல?” என்று கேட்டார்கள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று வரவில்லை என்றேன். அதைச் சத்தமாகச் சொல்லும்போது எனக்கே அசிங்கமாக இருந்தது. இடது கண்ணுக்கு அன்றைக்கே லேசர் வைத்தார்கள். ஒன்றும் வலிக்கவில்லை. கம்பெனியிலும் சொல்லிவிட்டேன். மருந்து அறைப் பொறுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, பெட்டி ஒட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி உங்கள் விஷயம். இந்த இடத்தில் செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “எழுது தாயி” என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கும் சர்க்கரை உண்டு. உங்கள் மாத்திரை கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் கோதுமை ரவை தனியாக வேகிறது. உங்கள் அடுப்படியில் நிற்கிறவள் என் மகள். நான் வாயைத் திறந்த பிறகுதான் அவளும், “மாமாவுக்கும் இருக்குப்பா, யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காக” என்றாள். பெண் பார்க்க வந்தபோது உங்கள் வீட்டம்மா, “எங்க பக்கம் ஒருத்தருக்கும் கெடையாது” என்றார்கள். நான் இன்னும் ஒரு படி மேலே போய், “எங்க பரம்பரையிலயே கெடையாது” என்றேன். அப்புறம் நீங்கள் ஒன்று நான் ஒன்று என்று போட்டி போட்டு ஜிலேபி தின்றோம். இரண்டு பேரும் அன்றைக்கு என்ன பாடுபட்டிருப்போம். அந்தப் பொய்க்காக நான் கோபப்படவில்லை. எனக்கு அந்த யோக்கியதை கிடையாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எம். புதுப்பட்டியில் மிஷினில் தாடையை எப்படி வைக்க வேண்டும் என்று நீங்கள்தான் உட்கார்ந்து எல்லோருக்கும் செய்து காட்டினீர்கள். மிஷினில் படம் எடுக்கிற பிள்ளை விளக்கைப் போடப் போனதும், “எனக்கு வேண்டாம்மா, சும்மா காட்டத்தான்” என்று சொல்லி எழுந்துகொண்டீர்கள். துண்டுக்குள்ளிருந்து நான் பார்த்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. ஊருக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை என்கிறீர்களே, உங்கள் கண்ணை இதுவரைக்கும் ஒரு தடவையாவது படம் எடுத்திருக்கிறீர்களா?

நீங்கள் எனக்கு மரியாதை பார்த்தீர்கள், நான் உங்களுக்கு மரியாதை பார்த்தேன். அதில் ஒரு கண் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மறுபடி லேசர். கூட ஒரு ஆள் வர வேண்டும். இந்தப் பிள்ளையை இனி அலைக்கழிக்க மாட்டேன், நீங்கள் வாருங்கள். வீட்டிலும் தெருவிலும் பஸ்ஸிலும் யார் கேட்டாலும், எதற்குப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டே வாருங்கள். சீட்டுக் கொடுக்கிற பெண்ணிடம் வெள்ளிக்கிழமை கண் காட்ட இரண்டு பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டாவது ஆள் பெயர் என்ன என்று கேட்டாள். பாலகுரு, விருதுநகர் என்று உள்ளபடியே கொடுத்துவிட்டேன்.

மாரிக்கண்ணன்